பெரியப்பாவின் சிரிப்பு

மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் பார்க்கத்தான் வேணுவை அவருடைய அண்ணன் பரசுராமன் செருப்பால் அடித்தார். ஐப்பசி மாதம். முந்தின நாள் பெய்த மழையில் கொல்லை மண் பொதபொதவென்று ஊறிக் கிடந்தது. செடியைப் பிடித்து இழுத்தால் கடலை அறுபடாமல் கொத்துக் கொத்தாக வந்தது. ஈரம் காய்வதற்குள் பிடுங்கிவிட வேண்டுமென்று வேணுவின் மனைவி ஜோதியம்மாள் விடிந்ததும் விடியாததுமாக ஆள் கூட்டி வந்திருந்தாள். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் கவிநிலாவுக்கு அன்று பள்ளி விடுமுறை. ஆட்களுக்குக் கூழ்ப் பானையைத் தூக்கிக்கொண்டு அவள் வரப்பில் வரும்போதுதான் ஜேசிபி வண்டி கொல்லைக்குள் இறங்கியது.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதைக்குப் பின்னால், அண்ணன் தம்பி இருவருக்கும் பாகம் பிரித்த நிலம். பாதையை ஒட்டியது தம்பிக்கு. உள்ளே, மலையைப் பார்த்தாற்போல் கிடப்பது அண்ணனுக்கு. மலை தெரிகிற நிலத்துக்கு எங்கெங்கிருந்தோ ஆள் தேடி வருகிற காலம் இது. பரசுராமன் தன் பாகத்தை பிளாட் போடுவதற்கு ஒரு சென்னைக்காரருக்குப் பேசி முடித்துவிட்டார். வண்டி போக வழி வேண்டும். தம்பியைக் கேட்டால் தரமாட்டான் என்று தெரியும். அதனால் கேட்காமலே வண்டியை இறக்கினார்.

கழனியில் தேங்கிய மழைத் தண்ணீரை வடியவிட்டுக்கொண்டிருந்த வேணு, கையில் மம்முட்டியோடு ஓடிவந்து வண்டிக்கு முன்னால் நின்றார்.

"வண்டிய எட்த்துனு போண்ணா. ஆளுங்க புடுங்கிகினு கீறாங்க."

"அப்பன் வெச்ச வழிடா இது."

"அப்பன் வெச்சது கெணத்தோரம் அந்தாண்ட. இது நான் வெதச்ச எடம்."

"எதுத்தா பேசற?"

பரசுராமன் குனிந்து வலது கால் செருப்பைக் கழற்றினார். கன்னத்தில் ஒன்று. சத்தம் கிணற்று மேடு வரை கேட்டது. வேணு அப்படியே நின்றார். கன்னத்தில் ஒட்டிய சேற்றைக்கூடத் துடைக்கவில்லை. வண்டியோடு வந்திருந்த சென்னைக்காரர் கைப்பேசியைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டார். ஜேசிபி ஓட்டுநர் மட்டும் இன்ஜினை அணைத்துவிட்டு, "சண்ட எடத்துல நான் வேல செய்ய மாட்டேங்க" என்று வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டு போய்விட்டார். பெண்கள் குனிந்து மறுபடி செடியைப் பிடுங்க ஆரம்பித்தார்கள்.

நிலம் தப்பித்தது. அடி அப்படியே தங்கிவிட்டது.

அதற்குப் பிறகு வேணு டீக்கடைப் பக்கம் போவதை விட்டார். சொசைட்டியில் பாலை ஊற்றிவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் திரும்பிவிடுவார். ஜோதியம்மாளுக்குத்தான் வயிறு எரிந்தது. அன்று கொல்லையில் இருந்த பச்சையம்மாளிடம் போய், "ஸ்டேசன்ல வந்து ஒரு வார்த்த சொல்லு, ஒனக்குப் புண்ணியமாப் போவும்" என்று கேட்டுப் பார்த்தாள்.

"நான் குனிஞ்சிகினு இருந்தேனேம்மா. பாக்கலியே" என்றாள் பச்சையம்மாள். பரசுராமன் கொல்லையிலும் அவள் வேலைக்குப் போகிறவள்.

வீட்டுக்கு வந்து களி கிண்டிய துடுப்பை ஜோதியம்மாள் தரையில் வீசினாள். "பாக்கலியாம்! கண்ணுக்கெதிர்ல அடிச்சான், ஒருத்தரும் பாக்கலியாம். இவரு இன்னாடான்னா துன்றாரு, மாட்டுக்குத் தீனி போடறாரு, தூங்கறாரு. அவன் மூஞ்சில ஊரே காறித் துப்பணும்டி கவி. அத என் கண்ணால பாக்கணும்."

கவிநிலா கருவாட்டுக் குழம்பைத் தொட்டுக் களியை விழுங்கினாள். பெரியப்பாமேல் கோபம்தான். ஆனால் அப்பா மம்முட்டியைப் பிடித்துக்கொண்டு மரம்போல நின்றாரே, அதை நினைக்கும்போது வந்த கோபம் அதைவிடப் பெரிது. அவளால் அதை யாரிடமும் சொல்ல முடியவில்லை.

திருவண்ணாமலை டவுனில் அவள் படித்த அரசுப் பெண்கள் பள்ளியில் மாதம் ஒருமுறை படம் போடுவார்கள். படம் முடிந்ததும் தமிழாசிரியை கீதாஞ்சலி, பார்த்ததைப் பற்றிப் பேச வைப்பார். கேமரா ஏன் கீழே இருந்தது, ஏன் அந்த இடத்தில் சத்தமே இல்லை என்று கேட்பார். முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு பிடித்துக்கொண்டது.

மார்கழியில் ஒருநாள் அவர் பள்ளி வாட்ச்மேன் இராமலிங்கத்தின் முகத்தைத் திரையில் போட்டார். சும்மா பார்த்துக்கொண்டிருக்கிற முகம். அதற்கு அடுத்து ஆவி பறக்கும் ஒரு தட்டு பரோட்டா. வகுப்பு கொல்லென்று சிரித்தது. "பாவம், அண்ணனுக்குப் பசி மிஸ்!" பிறகு அதே முகம். அடுத்து, மாலை போட்ட ஒரு போட்டோ. வகுப்பு அடங்கிப்போனது. முன்வரிசையில் ஒருத்திக்குக் கண்கூடக் கலங்கிவிட்டது.

"ரெண்டும் ஒரே மூஞ்சிதான்" என்றார் கீதாஞ்சலி. "அவரு கேட்டுக்கு வெளிய பஸ் வருதானு பாத்துகிட்டு இருந்தாரு. பசியும் துக்கமும் அவரு மூஞ்சில இல்ல. பக்கத்துல நான் எத வெச்சேனோ, அத வெச்சி நீங்களே சேத்துகிட்டீங்க. இதுதான் சினிமா. கத்தி மாதிரி. பாத்துப் புடிக்கணும்."

கவிநிலாவுக்கு அன்றைக்கு வேறெதுவும் காதில் ஏறவில்லை. கத்தி என்ற சொல் மட்டும் ஏறியது.

ஆண்டு விழாவுக்கு ஆளுக்கொரு பேசாத படம் எடுத்துவரச் சொன்னபோது அவள் நேராகப் பெரியப்பா வீட்டுக்குப் போனாள். அடி விழுந்த நாளிலிருந்து அந்த வாசலை இவர்கள் வீட்டில் யாரும் மிதித்ததில்லை. பரசுராமன் பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையில் பந்தல் போட்டு அன்னதானம் செய்பவர். ஊரில் அவருக்கு இருந்த மரியாதையெல்லாம் அந்தப் பந்தலுக்கடியில்தான் இருந்தது.

"ஸ்கூல்ல படம் எடுக்கச் சொன்னாங்க பெரீப்பா. ஒங்க அன்னதானத்த எடுக்கட்டா?"

அவர் முகம் மலர்ந்துபோனது. "எடும்மா, தாராளமா எடு. ஒங்கப்பனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரிய வாணாம். நீ வந்தியே, அது போதும் எனக்கு."

தைப் பௌர்ணமி அன்று பொழுது சாயும் முன்பே கூட்டம் நடக்க ஆரம்பித்திருந்தது. அண்டாவில் தக்காளி சாதம் கொதித்து அடங்கியது. அவர் புது வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, கரண்டியைப் பிடித்துக்கொண்டு பேனரில் நிற்பதுபோல விறைத்து நின்றார். கவிநிலா சாதத்தை எடுத்தாள். கரண்டியை எடுத்தாள். நீண்டு வரும் கைகளை, தொன்னைகளை எடுத்தாள். அவளுக்கு வேண்டியது மட்டும் கிடைக்கவில்லை.

"பெரீப்பா, நான் சின்னப் புள்ளையா இருக்கச்சொல்ல நீங்க சாம்பார் சாதத்துல உப்புக்கு பதிலா சக்கரைய அள்ளிப் போட்டுட்டீங்களே, ஞாபகம் இருக்குதா? சாமியாருங்கெல்லாம் பாயசம்னு நெனச்சி வாங்கித் துன்னாங்களே?"

பரசுராமன் தலையைப் பின்னால் சாய்த்து வாய்விட்டுச் சிரித்தார். கரண்டி குலுங்கியது. "நீதான்டி மொதல்ல துப்பன!" என்று அவளைப் பார்த்துச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவள் கைப்பேசியை அசைக்காமல் பிடித்திருந்தாள்.

அப்பாவின் முகம் தானாகக் கிடைத்தது. செவலைப் பசு கன்று ஈனும் நேரம். கால் வெளியே வந்து, தலை வராமல் நின்றுவிட்டது. வேணு கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு, எச்சிலை விழுங்கி விழுங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டை முடிச்சு ஏறி இறங்கியது. கண் கெஞ்சியது. அவள் படமெடுப்பதைப் பார்த்து, "இன்னாத்துக்கும்மா?" என்றார்.

"ஸ்கூலுக்குப்பா."

"சரி" என்று திரும்பிக்கொண்டார்.

பெரியப்பா சாதம் அள்ளுகிறார். அப்பா எச்சில் விழுங்குகிறார். நீளும் கைகள். அப்பா கண்ணால் கெஞ்சுகிறார். பெரியப்பா தலையைச் சாய்த்துச் சிரிக்கிறார். காலித் தொன்னை ஒன்று மண்ணில் உருள்கிறது. மறுபடி அதே சிரிப்பு. ஒட்டி முடித்துத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தபோது, எடுத்தவளுக்கே அப்பா சோற்றுக்கு நிற்பதாகத்தான் தெரிந்தது. அவள் உடம்பெல்லாம் சூடேறி இறங்கியது. அது பயமா சந்தோஷமா என்று அவள் யோசிக்கவில்லை.

மாசியில் ஆண்டு விழா. பள்ளிக்கு மின்விசிறிகள் வாங்கிக் கொடுத்தவர் என்று பரசுராமனுக்கு முன்வரிசையில் நாற்காலி. "எங்க தம்பி பொண்ணு என்னப் படம் புடிச்சிருக்குது" என்று இரண்டு பக்கமும் திரும்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். படம் ஓடியது. முதல் சிரிப்புக்கே பின்வரிசையில் யாரோ 'அடப்பாவி' என்றார்கள். "அது அவரு கூடப் பொறந்த தம்பியாச்சே?" என்று ஒரு குரல். இரண்டாவது முறை அவர் சிரித்தபோது கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. விளக்கு போட்டதும் பரசுராமன் எழுந்தார். எந்தப் பக்கம் போவதென்று தெரியாதவர்போலக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு யாரையும் பார்க்காமல் நடந்தார். வேணு விழாவுக்கு வரவில்லை. ஜோதியம்மாள் மகளின் கையை நோகும்படி அழுத்திப் பிடித்திருந்தாள்.

யாரோ கைப்பேசியில் எடுத்து வாட்ஸப்பில் விட்டார்கள். அடுத்த பௌர்ணமிக்குப் பந்தலில் கூட்டம் கம்மி. வரிசையில் நின்ற இளவட்டம் ஒருவன், "இன்னாங்க, சோறு போடுவீங்களா, சிரிச்சி அனுப்புவீங்களா?" என்று கேட்டான். பரசுராமன் கரண்டியை அண்டாவிலேயே விட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார். மறுநாள் பந்தலைப் பிரித்தார்கள். அன்று கிழமைகூடப் பார்க்காமல் ஜோதியம்மாள் கறி எடுத்துவந்து குழம்பு வைத்தாள். குழம்பு கொதிக்கும் மணம் தெருவரை வீசியது.

வேணு பால் ஊற்றிவிட்டு வந்தார். கையில் ஒரு பொட்டலம். அதை மகளுக்கு முன்னால் வைத்தார். வாழையிலையில் கட்டிய இட்லி, கூடச் சட்னி.

"டீக்கட ராஜமாணிக்கம் குடுத்தாரு. காசு குடுத்தேன், வாங்கல. பசிச்சா இங்க வா வேணு, அங்கெல்லாம் போயி நிக்காதன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல. அப்பறம் அவரே போன்ல போட்டுக் காட்டனாரு."

ஜோதியம்மாள் அடுப்படியிலிருந்து வந்தாள். "காட்டட்டுமே. அவனுக்கு அசிங்கமாச்சில்ல?"

"அவனுக்கு ஆச்சி. எனக்கு ரெண்டாவது தபா ஆச்சி." வேணு உட்காரவில்லை. "அன்னிக்கி நாலு பொம்பளைங்க பாத்தாங்க. இப்ப ஊரே பாத்துது. அவன் அடிச்சதப் பாத்துதா? இல்ல. நான் சோத்துக்கு நிக்கறதப் பாத்துது. பிச்ச போடுது." மகள் பக்கம் திரும்பினார். "நான் அப்போ இன்னா பாத்துகினு இருந்தேன், சொல்லு."

"செவல ஈனறத."

"அதுதான் தெரியுதா அதுல?"

கவிநிலாவுக்கு அழுகை வரவில்லை. இத்தனை மாதம் அடக்கியதுதான் வந்தது. "நீங்க ஒண்ணும் செய்யலியேப்பா! சும்மா நின்னீங்க! யாராச்சும் எதுனா செய்யணும்ல? அதான் நான் செஞ்சேன்."

ஜோதியம்மாள் அவளை அடக்கக் கை நீட்டினாள். வேணு தடுத்தார். பொட்டலத்தை ஓரமாகத் தள்ளிவைத்தார். "சரி" என்றார். "செய்யலாம். நடந்தத எடு. நானே சொல்றேன்."

கிணற்று மேட்டில், மோட்டார் கொட்டாய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். சட்டையை மாற்றிக்கொள்ளச் சொன்னாள் ஜோதியம்மாள். மாட்டேன் என்றார். நல்ல வெயில். பின்னால் மார்கழியில் விதைத்த மல்லாட்டை பூவெடுத்திருந்தது. கவிநிலா கைப்பேசியைத் துவைகல்லில் நிற்கவைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"எம்பேரு வேணு. எங்கண்ணன் பரசுராமன் ஐப்பசி மாசத்துல, இதோ இந்தக் கொல்லைல, என்ன செருப்பால அடிச்சான். வழி கேட்டு, குடுக்கலன்னு." நிறுத்தினார். மூச்சு வாங்கினார். "அவன்கிட்ட நான் சோறு கேட்டுப் போவல. எனக்கு சோத்துக்குப் பஞ்சமில்ல. மொதல்ல வந்த படத்துல நான் எங்க பசு ஈனறதப் பாத்துகினு இருக்கேன். அத எம்பொண்ணு மாத்தி ஒட்டிட்டா. அது பொய்யி. அவன் சிரிச்சதும் என்னப் பாத்து இல்ல."

தூரத்தில் பசு கத்தியது. அவர் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"அன்னிக்கி எங்கையில மம்முட்டி இருந்துது. புடிய மாத்திப் புடிச்சேன். ஒரே போடுதான். அப்போ வரப்புல எம்பொண்ணு கூழ்ப் பானைய வெச்சிகினு நிக்கறா. அவ கண்ணு என்மேல கீது. நான் ஜெயிலுக்குப் போனா இவ படிப்பு இன்னாவறது? அதனாலதான் போடல. பயந்துகினு இல்ல. அவன் மேல பாசத்துலயும் இல்ல. அந்தப் பாசம் அன்னிக்கோட போச்சி." நேராகக் கேமராவைப் பார்த்தார். "அண்ணா, அடிச்சது நீதான்னு நீயே ஊருக்கு முன்னால சொல்லணும். சொன்னாலும் நான் ஒன்ன மன்னிக்க மாட்டேன். ஆனா சொல்லணும். அவ்ளோதாம்மா. நடுவுல எதையும் வெட்டாத."

கவிநிலாவால் கைப்பேசியை உடனே அணைக்க முடியவில்லை. அப்பா எழுந்து, வேட்டியைத் தட்டி, கொட்டகைப் பக்கம் நடந்து மறையும் வரை படம் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா தன்னைப் பார்த்துவிட்டுத்தான் நின்றார் என்பது அவளுக்கு அதுவரை தெரியாது.

மாவட்டப் போட்டிக்கென்று பள்ளியில் எடுத்துவைத்திருந்த முதல் படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு இதைக் கொடுத்தாள். கீதாஞ்சலி டீச்சர் பார்த்துவிட்டுத் தயங்கினார். "மொதப் படம் எவ்ளோ நல்லா வந்திருந்துச்சி கவி. இதுல நீ ஒண்ணுமே செய்யலியே. ஒரே ஷாட்டு."

"மொதப் படம் பொய்யி மிஸ். நீங்க சொல்லிக் குடுத்தத வெச்சித்தான் செஞ்சேன்."

டீச்சர் அதை இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தார். பிறகு படத்தை அனுப்பினார். பரிசு எதுவும் வரவில்லை. முதல் படம் போன வாட்ஸப் குழுக்களுக்கெல்லாம் கவிநிலா இதையும் அனுப்பினாள். ராஜமாணிக்கம் வேணுவிடம் இட்லிக்கான காசைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பச்சையம்மாள் வீட்டுக்கே வந்து, "நான் பாத்தேன்மா. அன்னிக்கே பாத்தேன். இனிமே யாரு கேட்டாலும் சொல்றேன்" என்று வாசலில் நின்று அழுதாள்.

பங்குனி வெயிலில் ஒருநாள் பரசுராமன் வந்தார். தனியாக வந்தார். கையில் ஒரு பை சாத்துக்குடி. இளைத்திருந்தார். வேணு கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. ஜோதியம்மாள் கதவில் சாய்ந்து நின்றாள். அவ்வளவு வெயிலில் வந்த மனிதரை வாங்க என்றும் சொல்லவில்லை, ஒரு சொம்புத் தண்ணீரும் தரவில்லை.

அவர் முதலில் கவிநிலாவைத்தான் பார்த்தார். "அந்த சிரிப்பு ஒனக்காக சிரிச்சதுடி."

"தெரியும் பெரீப்பா."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்." சொல்லும்போது அவர் கண்ணிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மாத்தி ஒட்டனது தப்பு. அத ஊருக்கே சொல்லிட்டோம். நீங்க செஞ்சத நீங்க இன்னும் சொல்லல."

பரசுராமன் தம்பியிடம் திரும்பினார். "புத்தி கெட்டுப் போயி அடிச்சிட்டன்டா. மனசுல வெச்சிக்காத. அதச் சொல்லத்தான் வந்தேன்."

"யாருகிட்ட சொல்ற?" என்றார் வேணு. "அடிக்கும்போது ஆளுங்க இருந்தாங்க. மன்னிப்புக் கேக்கும்போது யாருமில்லாத நேரமாப் பாத்து வரியே."

"வேற இன்னாதான் பண்ணச் சொல்ற?"

"சித்திரைல மல்லாட்ட புடுங்குவோம். அதே கொல்ல. அதே ஆளுங்க. அப்ப வா."

மோட்டார் கொட்டாயில் விளக்கு எரிந்தது. த்ரீ பேஸ் கரண்டு வந்துவிட்டது. வேணு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டார்.

"அந்தப் பையையும் எட்த்துனு போங்க" என்றாள் ஜோதியம்மாள்.

அவர் வருவாரென்று வீட்டில் யாரும் நினைக்கவில்லை. ஆனால் சித்திரையில் பிடுங்க ஆரம்பித்த அன்று, வெயில் ஏறி, பெண்கள் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு பாதிக் கொல்லையைத் தாண்டியபோது, பரசுராமன் வரப்பில் வந்து நின்றார். துணைக்கு யாரையும் கூட்டி வரவில்லை. கவிநிலா பச்சையம்மாளுக்குப் பக்கத்தில் செடி பிடுங்கிக்கொண்டிருந்தாள். கைப்பேசி வீட்டில் கிடந்தது. அவளுக்கு அதன் நினைவே வரவில்லை.

கைகள் ஒவ்வொன்றாக நின்றன.

"எந்தம்பிய நான் இங்க வெச்சி செருப்பால அடிச்சேன்" என்றார் பரசுராமன். குரல் வெளியே வரவில்லை. முனகுவதுபோல இருந்தது. "எம்மேலதான் தப்பு."

வேணு நிமிர்ந்து பார்த்தார். சரி என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பரசுராமன் திரும்பி நடக்கப் பார்த்தார்.

கொல்லையின் கடைசி வரிசையிலிருந்து பச்சையம்மாள் இடுப்பில் கைவைத்து எழுந்து நின்றாள்.

"ஏங்க, இந்தாண்ட ஒண்ணும் கேக்கலீங்க. கொஞ்சம் ஒரக்கச் சொல்லுங்க."

பரசுராமன் நின்றார். பெண்கள் யாரும் இந்த முறை குனியவில்லை. அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி காத்திருந்தார். பரசுராமன் தொண்டையைச் செருமிக்கொண்டு, கிணற்று மேடு வரை கேட்கும்படி, முதலிலிருந்து இன்னொரு தடவை சொன்னார்.